குறை யாருக்கு என்று சொன்ன மாமாவுக்கு

மாமா,

இன்று காலை எதிர்வீட்டு கிரிஜா ஓடிவந்தாள். "சேச்சி, பழைய பொன் ஏதாவது உண்டோ? மோளுக்கு முண்டிநீர். கழுத்தில் போடணும்." நாம் பொன்னுக்கு வீங்கி என்கிறோமே, அதுதான். அலமாரியைத் திறந்ததும் அத்தையின் இரட்டை வடச் சங்கிலி கையில் வந்தது. கூடவே நீங்களும். "சங்கிலி கிடக்கட்டும், டாக்டரிடமும் காட்டிவிடு" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாத பழியை நான் சுமந்தது உங்களுக்குத் தெரியும். காரணம் அப்போது தெரியாது. உங்கள் மகனின் பரிசோதனைத் தாளில் விந்தணு ஏறக்குறைய இல்லை என்று வந்திருந்தது. "யாருக்கும் தெரியாண்டாம்" என்றார். சரி என்றேன். நம் வலியசாலைத் தெருவில் யார் கேட்டாலும் குறை என் பக்கம் என்பதுபோலச் சிரித்து வைத்தேன். சாமியிடம்கூட 'எங்களுக்கு' என்றுதான் வேண்டினேன். 'அவருக்கு' என்று வாயில் வராது. ஊசியால் உள்ளிருந்தே விந்தணுவை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இவர் மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

இவருக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, அது கீழே விதைக்கு இறங்கினால் இப்படி ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அதை உங்களிடம் கேட்க எனக்கு நாலு நாள் ஆனது. கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"பத்தாம் கிளாஸ் படிக்கச்சில வந்துது. சங்கிலியப் போட்டோம், கன்னம் வத்திப்போச்சு. பெறவு, கீழ வலிக்கு அப்பான்னு அழுதான். வெளிய சொல்லாதடேன்னு நான்தான் அடக்கினேன், மோளே. டாக்டரிட்ட போக எனக்கு வெக்கம்."

"அதுதான் காரணம்னு டாக்டராலயும் உறுதியாச் சொல்ல முடியாது, மாமா" என்றேன். நீங்கள் கேட்கவில்லை. நேரே எழுந்து, ஷேவ் செய்துகொண்டிருந்த மகன் பின்னால் போய் நின்றீர்கள்.

"ஒனக்க குறையில்லடே அது. எனக்க பிழை."

இவர் பாதி முகத்தில் நுரையோடு திரும்பி, "அப்பா, பிளேடு கையில இருக்கு, பெறவு பேசலாம்" என்றார். ஆனால் அந்த வாரமே ஊசிக்கு வந்தார்.

எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். கிடைத்த சில விந்தணுக்களை முட்டைக்கு ஒன்றாகச் செலுத்தினார்கள். மூன்று கரு. மூன்றாம் நாள் எட்டுச் செல் இருக்கவேண்டும். நமக்கு நாலு, நாலு, ஐந்து. உள்ளே உடைந்த துணுக்குகள் வேறு. தரம் 'சி'. அது யார் பக்கத்துக் குறை என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் அரிசி தரம் பார்த்து விற்ற நீங்கள் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னீர்கள்: "இதவிட மோசமான சரக்க ஓணத்துக்கு வித்திருக்கேன். வைக்கச் சொல்லு." ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இரண்டை வைத்தார்கள். மூன்றாவது வளராமல் நின்றது. பதினைந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் நாகர்கோவிலிலிருந்து உங்கள் அக்கா வந்தார்கள். "இவளுக்கு நாகதோஷமாக்கும். கோயில்ல உருளி கவுத்தச் சொல்லுடே." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துப் பிள்ளையில்லாத பெண்கள் செய்யும் நேர்ச்சை அது. நீங்கள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இவர் வந்தார்.

"குறை எனக்கு, அத்தை. உருளிய வேணும்னா நான் கவுத்துகேன்."

அக்கா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். நீங்கள் அதை எடுத்து மறுபடி அவர்கள் கையில் கொடுத்து, "குடி, ஆறிப்போவும்" என்றீர்கள்.

பிறகு நாங்கள் முயலவில்லை. வேறொருவர் விந்தில் செய்யலாம் என்றார்கள். இருவரும் உட்கார்ந்து பேசி வேண்டாம் என்றோம். சில சாயங்காலம் வருத்தம் வரும். விளக்கேற்றுகிறபோது அதுவும் பக்கத்தில் இருக்கும், இருந்துவிட்டுப் போகும்.

நீங்கள் போய் மூன்று வருஷம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மாள், "விசேஷம் ஒண்ணும் இல்லியோ?" என்று என்னைக் கேட்டாள். இவர் இலையிலிருந்து நிமிராமலே, "எனக்குத்தான் ஆகாது, மதினி. அந்தப் போளி இங்க வரட்டு" என்றார். அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தாள். நான் போளிமேல் பாயசம் ஊற்றச் சொல்லி, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், மாமா.