முழங்கை நீள விரிசல்

பிப்ரவரி 4

அக்கா பெற்ற அறிவுக்கொழுந்துக்கு,

கிரேன் ஓட்டும் உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இரும்பில் விரிசல் எப்படி ஓடும், எங்கே நிற்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாயாமே. என்னைக் கேட்க வேண்டியதுதானே? என் கிரேன் விட்டத்தில், வெல்டிங் ஓரமாக, முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல். போன வருஷம் ஓடி வந்தது. ஒரு முறை முறைத்தேன், நின்றுவிட்டது. இன்றும் லாரியையே அலேக்காகத் தூக்கி வைக்கிறேன். உன் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்.

அசராத மாமன்

ஏப்ரல் 11

மாமாவுக்கு,

சேர்த்தேன். முதல் சுமையிலேயே விட்டம் இரண்டாகிவிடும் என்கிறது கம்ப்யூட்டர். நீங்களோ லாரி தூக்குகிறீர்கள். பிழை என் கணக்கில்தான் என்று இரண்டு மாதமாகத் தேடுகிறேன். கண் எரிகிறது. இதை மூட்டை கட்டிவிடலாம் என்கிறார் எங்கள் சார். உங்களோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அளந்து பார்த்தீர்களா, வாய்க்கு வந்ததை எழுதினீர்களா?

உங்கள் மருமகள்

ஏப்ரல் 19

மருமகளே,

மாமனையே சந்தேகப்படுகிற அளவுக்குப் படித்துவிட்டாய், சந்தோஷம். விரிசல் என் சுண்டுவிரல் நீளம். அப்படி எழுதியிருந்தால் நீ ஒரு பதிலாவது போட்டிருப்பாயா? முழங்கை என்றதும் இரண்டு மாதம் என் நினைப்பாகவே இருந்தாய் அல்லவா?

மாமன்

ஏப்ரல் 27

மாமாவுக்கு,

சுண்டுவிரலைப் போட்டேன். விட்டம் தாங்குகிறது. என் கணக்கு சரிதான், சாரும் ஒப்புக்கொண்டார். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. விரிசல் நிற்கவில்லை என்கிறது அதே கணக்கு. ஒவ்வொரு தடவை சுமை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து, ஒரு நாள் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். இனி மேலே ஏறாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மருமகள்

மே 8

மருமகளுக்கு,

சொன்னேன். "அன்னிக்கு முழங்கைன்னீங்க, இன்னிக்குச் சுண்டுவிரல்ங்கறீங்க. நாளைக்கு அதுவே ஒட்டிக்கிச்சும்பீங்க. போய் வண்டியை எடுங்கண்ணே" என்றார் சூப்பர்வைசர். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவரிடமும் முன்பு முழங்கை என்றுதான் அளந்துவிட்டிருந்தேன்.

பெயின்டைச் சுரண்டி, விரிசல் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். வேறு வழியில்லாமல் ஏறி வேலை பார்த்தேன். கொக்கிக்குக் கீழே மட்டும் ஒருவரையும் நிற்க விடவில்லை. நேற்று சூப்பர்வைசரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. இறங்கிப் போய், கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எவ்வளவு தாண்டியது என்று கேட்பாய். ஒரு சாண் என்று எழுதத்தான் கை போனது.

ஒரு அரிசி நீளம். அவ்வளவுதான்.

மாமா