பத்துப் பக்கமும் ஒரு மோட்டார் லைசென்ஸும்

என் உயிர் மச்சான் முத்துவுக்கு,

மேலோகத்தில் லோரி நிறுத்த இடம் கிடைத்ததா? நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கோலா சாவா பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் இன்னும் அதே லோரி வரிசைதான். சில நாள் அதன் வால் சிங்கப்பூரைத் தொடுகிறது. பழக்குலைகளைத் தரம் பார்க்கும் சக்கரவர்த்தியாகிய நான் அதே மேடையில்தான் நிற்கிறேன். உன் லோரியை இப்போது ஓட்டுகிறவன் காத்திருக்கும் நேரத்தில் போனை நோண்டுகிறான். நீயோ தினமும் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பாய். இடி விழுந்தாலும் பத்து.

உன்னைத் தோற்கடிக்க நான் மூன்றே நாளில் உன் புத்தக அலமாரியை அட்டையோடு விழுங்கியது நினைவிருக்கிறதா? வரிசையில் எல்லார் முன்னாலும் நீ கேட்டாய், "சரி மச்சான், படிச்சதுல நாளைக்கு எதைச் செய்யப் போற?" நான் வானத்தைப் பார்த்தேன். "காய். பழுக்கல. திருப்பி அனுப்பு" என்று என் வேலையை எனக்கே காட்டினாய். டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் மில் புகைபோக்கி ஒரு முழம் சாய்ந்தது.

சேதிக்கு வருகிறேன். என் தங்கை, உன் மல்லிகா, நீ போனபின் தனியாக வீட்டுப் படி இறங்கவில்லை. முப்பது வருஷம் உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தே ஊர் பார்த்தவள் அல்லவா? ரந்தாவ் பசாரில் காய்கறி வாங்கக்கூட என் கார் வர வேண்டும். நான் மறந்த நாளில் அவளுக்குச் சோறும் கருவாடும்தான். "நான் இருக்கேன்ல!" என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

அவளைத் தேற்றலாமென்று ஒரு சாயங்காலம் உன் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து உரக்கப் படித்தேன். ஏதோ ஒரு தீவில், ஐம்பது தாண்டிய ஒருத்தி தனியாகப் படகு தள்ளப் பழகும் கதை. ஒரே மூச்சில் நாற்பது பக்கம். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, மீன் ஏலம் விடுறியா? மெதுவா படிலா. அவரு பத்துப் பக்கந்தான் படிப்பாரு."

பல மாதத்துக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தாள், மச்சான். அன்றிலிருந்து தினமும் பத்து. எனக்குத் தொண்டை கட்டிய நாளில் புத்தகத்தைப் பிடுங்கி, வரிக்குக் கீழே விரல் வைத்து அவளே படித்தாள். அப்புறம் திருப்பித் தரவேயில்லை.

கடைசிப் பக்கம் முடிந்த அன்று, நான் கேட்காமலே சொன்னாள்: "நாளைக்கு நான் மோட்டார் லைசென்ஸுக்குப் பேர் குடுக்கப் போறேன்."

என் வாயிலிருந்த தேநீர் மம்பாவ் ஊர் வரைக்கும் தெறித்தது. "ஐம்பத்தாறு வயசுலயா? எங்க போகணும்னாலும் நாந்தான் கூட்டிட்டுப் போறேனே!"

"அதான் அண்ணே எனக்குக் கஷ்டம்."

மூன்று லோகங்களுக்கும் பதில் வைத்திருக்கும் நான், சிந்திய தேநீரைத் துடைக்கத் துணி தேடிப் போனேன்.

சாலைச் சட்டப் புத்தகம் மலாய் மொழியில். அதையும் தினம் பத்துப் பக்கம் படித்தாள். ஓரத்தில் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதினாள். முதல் பரீட்சையில் ஃபெயில். "போதும், விடு" என்றேன். உண்மையைச் சொல்லட்டுமா? உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அவளோ அன்று சாயங்காலமே முதல் பக்கத்தைத் திறந்தாள். இரண்டாம் முறை பாஸ். அப்புறம் மைதானத்தில் ஒரு குறுகலான பலகைமேல் விழாமல் ஓட்டும் சோதனை; நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவள் மூடவில்லை. அதிலும் பாஸ்.

போன வாரம் உன் பழைய மோட்டாரில் மில் வாசலைக் கடந்து போனாள். வரிசையில் நின்ற அத்தனை லோரியும் ஹார்ன் அடித்தது. "என் தங்கச்சிடா!" என்று நான் போட்ட சத்தத்தில் மந்தின் ஊரில் கடைகள் அதிர்ந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "ரோட்டப் பாக்கணுமா, ஒன்னையப் பாக்கணுமா?" என்றாள். நூலகத்தில் தன் பெயரில் ஒரு உறுப்பினர் அட்டை வாங்கி வந்திருந்தாள்.

அவளுக்கு ஓட்டக் கற்றுத்தர உனக்கு ஏன் தோன்றவில்லை, மச்சான்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

வாக்குத் தருகிறேன்: இனி "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் திறக்க மாட்டேன். அவள் கூப்பிட்டால் ஹெல்மெட் போட்டு ஏறுவேன். கூப்பிடாத நாளில், அவள் திரும்பி வரும்வரை உன் அலமாரிப் பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் படித்துக்கொண்டிருப்பேன்.

மல்லிகாவின் அண்ணன் என்பதாலேயே ஊரில் மதிப்பு கூடிவிட்ட,
உன் மச்சான்
சுப்பையா