புதுத் தாள் ஒட்டிய பேட்டரிக் கட்டை

மார்கழி 9, வியாழன்.

தோல் கிடங்குக் காவலாளி கபூர் காலில் கட்டோடு என் கடைக்கு வந்தார்.

"இன்னா மொதலியாரே, உங்க டார்ச்சு பட்டுனு அணைஞ்சி என்னைத் தோல் ஊறப்போடுற சுண்ணாம்புக் குழியில எறக்கிட்டுச்சே!"

"ஈரத்துல வெச்சிருப்பீங்க பாய்," என்று அடித்துப் பேசினேன். நம்பிவிட்டார். வேறு பேட்டரிக் கட்டைகள் வாங்கிப் போனார்.

பிறகு அவர் விட்டுப்போன கட்டையின் தாளை உரித்தேன். அடியில் துருக்கறை படிந்த இன்னொரு தாள் இருந்தது. தீர்ந்துபோன கட்டைக்குப் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். சரக்கு அனுப்பிய மெட்ராஸ் வியாபாரிதான் திருடன் என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே பசை ஈரமாக என் விரலில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு விற்றேன்.

இன்று கொடுத்ததும் அதே பெட்டியிலிருந்துதான். கபூர் இப்போது காவலில் இருப்பார். மன்னிப்பெல்லாம் என் வாயில் வராது. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.