குருவிக்காகப் பேசினேன்

மார்ச் 4

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் என் தோழி குருவி ஏதோ எடுக்க முன்னால் வந்தாள். ஒரு பெரியவர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, என் கண்ணாடி என்னைக்குக் கிடைக்கும்?"

"வி... வி..."

வழக்கம்போல நான் முடித்துவைத்தேன். "வியாழக்கிழமை வாங்கய்யா."

நன்றியோடு பார்த்தாள். ஒரே அறையில் தங்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வாய் நான்தான். டாக்டரிடம், கடைக்காரரிடம், அவள் அம்மாவிடம்கூட. அவள் போன் அடித்தாலும் நான்தான் எடுப்பேன்.

மார்ச் 11

முதலாளி தனியாகக் கூப்பிட்டார். "புதுக் கிளையில கண் டெஸ்ட் பண்ண குருவியைப் போடலாம்னு இருக்கேன். வேலை சுத்தமா தெரிஞ்ச பொண்ணு."

"பாவம் சார், ஆளுங்களைப் பார்த்தாலே நடுங்கிடுவா" என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லி எதற்கு மனதைக் கலைப்பது?

மார்ச் 12

அவளுக்காகத்தானே சொன்னேன்?

மார்ச் 19

நான் அறைக்குள் நுழைந்தபோது குருவி தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. போனை வாங்கி நானே பேசி முடித்தேன்.

பிறகு சொன்னேன்: "இனிமே நீ எடுக்காதடி. நீ திணறுறதைக் கேட்டு அம்மா அழறாங்க."

அம்மா அழவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏப்ரல் 2

குருவியின் அம்மா போய்விட்டார்.

ஏப்ரல் 6

இன்றுதான் எழுத முடிகிறது. அன்று நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். குருவி காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தாள். அங்கே வீட்டில் தனியாக இருந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி. மகளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். விடாமல் கூப்பிட்டிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது குருவி மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்து ஓய்ந்திருந்தது. நான் திரும்பக் கூப்பிட்டேன். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து விஷயத்தைச் சொன்னார்.

"ஏண்டி எடுக்கலை?" — கேட்டேனே! எந்த வாயால் கேட்டேன்?

"நீ... நீதானே... எ... எ..."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் முடித்துவைக்க முடியவில்லை. அவளே சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

"எடுக்காதன்னு... சொ... சொன்னே."

ஏப்ரல் 15

எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? "சொல்ல முடியாதும்மா" என்கிறார் டாக்டர். மகளிடம் என்ன சொல்லக் கூப்பிட்டாரோ?

குளிக்கும்போது போன் அடிக்கிறது. ஈரத்தோடு ஓடிவந்தால் அறையில் சத்தமே இல்லை. குருவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

ஏப்ரல் 16

சொல்லிவிட்டேன். அம்மா அழவே இல்லை என்று. முதலாளி கேட்டதையும், நான் தடுத்ததையும்.

திட்டினால் தேவலாம். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

ஏப்ரல் 18

முதலாளியிடம் அவளே போய்க் கேட்டாளாம். வெகுநேரம் பேசினாளாம். புதுக் கிளைக்குப் போகிறாள். இனி அவள் அக்கா வீட்டில் தங்கல்.

மே 28

பிரேம்கள் கொண்டுபோய்க் கொடுக்கப் புதுக் கிளைக்கு அனுப்பினார்கள். கதவைத் தள்ளும்போதே குரல்.

"எ... எந்த எழுத்து தெ... தெளிவா இருக்கு?"

நாற்காலியில் ஒரு அம்மாள். கேள்வி முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அடுத்து குருவி ஏதோ சொல்ல, அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார். குருவிக்கு ஜோக் அடிக்க வருமா? என்னிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லையே.

அப்போது என்னைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

பிரேம் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் உதடுகள் மறுபடி அசையத் தொடங்கியிருந்தன.