வாசலில் கழற்றி வைத்த செருப்பு

எந்த வாசலிலும் செருப்பை இரண்டும் சேர்த்து, ஓரமாக, ஒருவர் காலிலும் இடறாமல் கழற்றி வைக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடமாகப் போகிறது. இதுவரை நான் உங்களுக்கு எழுதியதில்லை. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை எனக்கு அவ்வளவு பிடிப்பதுமில்லை. ஆனால் போன மாதம் ஒரு செய்தி கிடைத்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். உங்களைப் பார்த்த அந்த மூன்று நிபுணர்களும் இதை வாசிக்க நேர்ந்தால், வாசிக்கட்டும்.

உங்கள் கால் கடிக்குக் காரணம் மீன் இல்லை, அப்பா.

வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது நேவி ஸ்டோரில் உங்கள் வேலையும் முடிந்தது. வாழ்நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் கிடந்த கால் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று, சில வருடம் கழித்து ஒரு சோடி இறப்பர் செருப்பு வாங்கித் தந்தேன். அது தேய்ந்ததும் அதே மாதிரி இன்னொன்று. பிறகு இன்னொன்று. முதல் சோடி வந்த சில மாதத்திலேயே பாதத்தின் மேற்புறம் கடித்து அரித்து, சிவந்து, கொப்புளித்து, நீர் வடியத் தொடங்கியது.

முதலாமவரைக் கொழும்பில் பார்த்தோம். காலையிலிருந்து வாங்குப் பலகையில் காத்திருந்தோம். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எக்ஸிமா" என்றார். ஏதோ தானே கண்டுபிடித்துப் பெயர் வைத்தது போல ஒரு பெருமை.

"மீன் சாப்பிடுறனீரா?"

"ஓம், சேர். நாங்கள் திருகோணமலை."

"அதுதான்."

அவ்வளவுதான் விசாரணை. ஊர்ப் பெயரைக் கேட்டு நோயைக் கண்டுபிடித்த மேதை அவர். அன்றோடு உங்கள் சோற்றுக் கோப்பையிலிருந்து மீன் போனது.

இரண்டாமவர் விஞ்ஞானி. உங்கள் கையில் வரிசையாக ஊசியால் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு துளி மருந்து விட்டார். குத்திய இடமெல்லாம் கொஞ்சம் தடித்தது. குத்தினால் தடிக்காமல் என்ன செய்யும்? நண்டு, இறால், முட்டை, கத்தரிக்காய் என்று பட்டியல் எழுதித் தந்தார். கையை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர், வருத்தம் காலில் என்பதை மறந்துவிட்டார்.

மூன்றாமவருக்குக் காலையும் பார்க்கத் தேவைப்படவில்லை. "நரம்பு" என்றார். "வீட்டில் ஏதும் கவலையோ? கலியாணம் ஆகாத பிள்ளையள்?" நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். ஊருக்கு வரும் வழி முழுக்க நாம் கதைக்கவில்லை. அம்மா மட்டும் பிறகு வருடக்கணக்காகக் கதைத்தா. "உன்னாலதானடி அந்த மனிசனுக்குக் கால் வெடிக்குது."

நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா? கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை.

நாங்கள் நண்டு உடைக்கும்போது நீங்கள் பருப்பும் பூசணிக்காயும் பிசைந்துகொண்டு பக்கத்தில் இருப்பீர்கள். நாங்களும் விடுகிறோம் என்றால் விடமாட்டீர்கள். "மணக்கிறதுக்கும் டொக்டர் தடை போட்டவரோ? சும்மா சாப்பிடுங்கோ" என்பீர்கள்.

போன மாதம் என் பாதம் கடிக்கத் தொடங்கியது. கொல்லைக்குப் போட்டுக்கொள்ள நானும் அதே இறப்பர் செருப்பு ஒன்று வாங்கியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தோல் வருத்தம் பார்க்க ஒரு பெண் டொக்டர் வருகிறாள் என்றார்கள். நம்பிக்கையில்லாமல்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது.

அவள் என் இரண்டு காலையும் ஒரு முக்காலியில் பக்கத்துப் பக்கமாக வைக்கச் சொன்னாள். குனிந்து, சிவந்த இடத்தின் ஓரத்தை விரலால் வரைந்தாள். பெருவிரல் இடுக்கில் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து, பாதத்தின் இரு பக்கமும் இறங்கியது.

"ரீச்சர், உங்கட செருப்பு எங்கே?"

"வெளியில. கழற்றிவிட்டு வரச் சொல்லி நீங்கள்தானே எழுதிப் போட்டிருக்கிறீர்கள்."

அவள் எழும்பி விறாந்தைக்குப் போனாள். வாசலில் நின்ற ஊழியர், கிண்ணியா ஊர்ப் பெண், பதறிப்போனா. "அல்லா, டொக்டர், நீங்க ஏன் அதத் தொடுறீங்க? நான் எடுத்துத் தாறன்!" அதற்குள் அவள் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் காலில் மாட்டினாள். செருப்பு வாருக்கு அடியில் அந்தச் சிவப்பு முழுவதும் மறைந்துபோனது.

அதோடும் அவள் நம்பிவிடவில்லை. வாரில் ஒரு துண்டு வெட்டி, என் முதுகில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, இரண்டு நாள் நனைக்காமல் வரச் சொன்னாள். எடுத்தபோது அந்த இடம் மட்டும் கொப்புளித்திருந்தது. இறப்பரில் கலக்கும் ஏதோ ஒன்று சிலருக்கு ஒத்துவராதாம். மருந்து? வேறு செருப்பு. இரண்டு கிழமை, பதினாலு நாள், பூச ஒரு களிம்பு.

"மீனை விட வேணுமோ?" என்று கேட்டேன்.

"மீன் என்ன செய்தது, ரீச்சர்?"

மூன்று பேரிடமும் நீங்கள் வெறுங்காலோடுதான் போனீர்கள். பெரிய மனிதர் அறைக்குள் செருப்போடு போவது மரியாதையில்லை என்று வாசலில் விட்டீர்கள். காரணம் ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே இருந்தது. எழும்பிப் பார்க்க ஒருவருக்கும் முதுகு வளையவில்லை.

அவர்களை மட்டும் இகழ்ந்துவிட்டுத் தப்ப எனக்கு ஏலாது. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் எழுதுகிற விலங்கியல் பட்டதாரி நான். கோயில் திருவிழாவின் பத்து நாளும் உங்கள் கால் ஆறிவிடும். அம்மா அதை அம்மன் கணக்கில் போட்டா. நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். பத்து நாளும் நீங்கள் செருப்புப் போடவில்லை என்பதை நான் பார்க்கவில்லை. நானும் அந்த மூவரோடு நாலாவது ஆள்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நீ கலியாணம் கட்டாததால இல்லையோ?"

"இல்லை அம்மா. நான் வாங்கிக் குடுத்த செருப்பால."

"அப்பவும் நீதானே!"

பல வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். பிறகு அம்மா அழுதா. நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தபோது, நண்டும் இறாலும் வைக்காமல் விட்டது நினைவுக்கு வந்ததாம். "அவருக்கு ஒத்துவராது" என்று சொல்லித்தான் அன்று விட்டோம். எரித்து வந்த பிறகும் அந்தப் பட்டியலுக்குக் கீழ்ப்படிந்தோம்.

வருகிற மாதம் உங்கள் திவசம். ஐயர் வந்து தன் வேலையை முடித்துக்கொண்டு போகட்டும். அதற்கு அடுத்த நாள் கடற்கரையில் நானே நின்று நண்டு பார்த்து வாங்குவேன். அம்மா முருங்கையிலை போட்டுக் கறி வைப்பா. நீங்கள் வந்து சாப்பிடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் நண்டின் கால்களை உடைத்து, சதையை எடுத்து, வாழையிலையில் வைப்பேன். இது நான் தருகிற வாக்கு.

வருவதானால் வெறுங்காலோடு வாருங்கள்.

செருப்பு வாங்கித் தந்த,
உங்கள் மூத்த மகள்