கோயில் வண்டிக்கு பிரஷ்ஷில் அடித்த பிரைமர்

என் உயிருக்கு மேலான சூசை மச்சானுக்கு,

உங்கள் அடக்கத்துக்கு ஆவடி ஸ்டேஷன் வரை கூட்டம் நின்றது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன், பள்ளிக்கூட முனையைத் தாண்டவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அது சத்தியம்.

நம் கோயில் வண்டியில்தான் உங்களைக் கொண்டுபோனோம். சவம் ஏற்றிப்போக ஃபாதர் அந்தப் பழைய வேனை வாங்கிவந்த அன்று, “டாங்கிக்கே ஸ்ப்ரே அடித்த கை இது” என்று நான்தான் முன்னால் போய் நின்றேன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் நான் கேன்டீனில் டீ ஊற்றியவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபாதரிடம் வாய் திறந்தீர்களா?

பாடி ஊரில் ஸ்ப்ரே கம்ப்ரசர் வைத்திருந்தவன் என் உயிர்த்தோழன் என்றேன். அந்த உயிர்த்தோழன் ஸ்ப்ரே கன்னைத் தொடக்கூட விடவில்லை. அதனால் பிரஷ்ஷை எடுத்தேன். அடிப்பூச்சுதானே, பிரைமரைக் கையால் அடிப்பது ஒன்றும் பாவமில்லை மச்சான். மெல்லிசாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி ஒரு கை அடித்தால் வழவழவென்று வந்துவிடும். நனைத்த தாளோடு நீங்களும் வந்து நின்றீர்கள்.

“மாப்ள, கோடு கோடா கீதுபா. தேச்சுட்டு அப்பால கறுப்ப அடி.”

“அட, சும்மா இருங்க மச்சான். கறுப்பு அடிச்சா எல்லாம் மூடிக்கும்.”

மூடவில்லை. வெயில் பட்டதும், எண்ணெய் தடவிச் சீப்பால் வாரிய தலை மாதிரி வண்டி முழுக்கக் கோடு.

அதற்கப்புறம் வண்டி எங்கே நின்றாலும் நீங்கள் ஆளைப் பிடித்து நிறுத்துவீர்கள். “இத்த எங்க மாப்ள அட்ச்சாரு. மிசினு இல்ல நைனா, கையி!” நான் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். உங்களுக்கு நிஜமாகவே அது அழகாகத் தெரிந்ததா? இல்லை, எனக்காகச் சொன்னீர்களா? கேட்கவே இல்லையே நான்.

அடக்கத்தன்று உங்கள் பூந்தமல்லி அண்ணன் வந்தார். நீங்கள் உள்ளே படுத்திருக்கிறீர்கள். அவர் கதவின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இன்னாபா இது, தொடப்பத்தால அட்ச்சா மாரி கீது? எவன் பாத்த வேல?”

அடுத்தவன் செய்ததையே நான் செய்தேன் என்கிறவன் நான். அந்த வாய் அன்றைக்குச் சொன்னது: “எவனோ பாடிக்காரன்ணே. குடிகாரப் பய.” அதோடு விட்டேனா? ஃபாதர் அவனைத் துரத்தியடித்த கதையையும் சேர்த்துச் சொன்னேன். உங்கள் மகள் ஸ்டெல்லா மாலையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை. நேற்று டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து அவளே வந்தாள்.

“இன்னா மாமா, ஊட்டாண்ட வரவே இல்ல?”

“முட்டி வலிம்மா.”

“அப்பாவுக்கு அந்த வண்டின்னா உசுரு மாமா,” என்றாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன். உங்கள் தங்கை போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

இன்று காலையில் ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பழைய பெயிண்டை எடுத்துவிட்டு பிரைமரைப் பிரஷ்ஷிலேயே அடிக்கப்போகிறேன். இந்தத் தடவை தேய்ப்பேன் மச்சான். பூசை முடிந்து வருகிற ஜனம் எல்லாம் பார்க்கத் தரையில் உட்கார்ந்து தேய்ப்பேன். முப்பதாம் நாள் பூசைக்குப் பூந்தமல்லி அண்ணனை நானே போய் அழைத்துவருவேன். ஸ்டெல்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எவன் பார்த்த வேலை என்று அவருக்குச் சொல்வேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டேன்.

உங்கள் தங்கை புருஷன்,
லூர்துசாமி,
முத்தாபுதுப்பேட்டை