பீலிக்கு மேலே ஒரு காணி

மார்ச் 3, 1979. சனி

வெயில். காற்று பலம். நெருப்புக்கு நல்ல நாள்.

விடிந்ததும் வீடு கட்டப் போகிற காணிக்கு. முன்பக்கத்துப் பாறைமேல் நேற்று அடுக்கிய சவுக்கு விறகு எரிந்து கங்காகக் கிடந்தது. மேசன் சோமபால பாஸ் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். டப்பென்று ஒரு சத்தம், மயிரிழை விரிசல். அதில் அலவாங்கைக் கொடுத்து நாலு பேர் நெம்பினால் பலகை பலகையாகப் பெயர்கிறது. வெடி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெடி பதுளை முழுக்கக் கேட்கும். ஊற்றை ஒட்டிய காணி. கல் உடைக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று வன இலாகா எல்லைக்கல் நட்டிருக்கிறது. தெரிந்துதான் வாங்கினேன். அதனால்தான் சல்லிசாகக் கிடைத்தது. நெருப்புக்குச் சத்தம் இல்லை.

தண்ணீர் தூக்கத் தூரம். ஊற்றுவாயில் மண் நிரப்பிய சீனிச் சாக்கு அடுக்கி மறித்தாயிற்று. இப்போது பாறைக்குப் பக்கத்திலேயே குளம். யோசனை என்னுடையது. "முதலாளிக்கு நல்ல மூளை" என்றார் பாஸ். கூலி கூட்டிக் கேட்கிற நாளில்தான் இந்தப் பேச்சு வரும்.

கடை: மிளகாய் லாரி இன்னும் இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது.

வீட்டுக்காரி செல்லத்துக்கு மறுபடி மூச்சு இழுப்பு. கடைக்குப் பின்னால் இரண்டே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய் மூட்டை, இந்தப் பக்கம் கருவாடு. நடுவில் இவள் கட்டில். மருந்தை மாற்றிப் பிரயோசனம் இல்லை, இடத்தை மாற்றுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்.

மார்ச் 5. திங்கள்

லாரி வந்தது. பாதி மிளகாய் ஈரம். திருப்பி அனுப்பினேன்.

மாரியாயி அக்கா வந்தாள். டவுனுக்கு வந்தால் முதலில் நம் கடை. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்த பிறகுதான் மற்ற வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை தப்பியதில்லை. அம்மா போன பிறகு கொழுந்து எடுத்து என்னை ஆளாக்கியவள். இன்னும் அதே தேயிலைத் தோட்டத்து லயம், வரிசை வீடுகளில் ஒரு அறை, என் காணிக்கு நேர் கீழே.

வெற்றிலை பாக்கு வைத்தாள். மகள் வசந்தாவுக்குச் சடங்கு, ஞாயிறு.

"தாய்மாமன் வராம புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்த முடியாது. வெள்ளன வந்துரு."

"சீரு எத்தன தட்டு வேணும், சொல்லுக்கா."

"நீ வந்தாப் போதும். பதினொண்ணு கொண்டாந்தா வேணாம்னா சொல்லப் போறேன்."

எழுந்து போகும்போது ஒரு பேச்சு. "பீலியில தண்ணி சுண்டிப் போச்சுடா. வர்றதும் சாம்பலா வருது. துணியில வடிகட்டித்தான் குடிக்கிறோம்." ஊற்றுத் தண்ணீர் தகரக் குழாயில் இறங்கி விழுகிற இடம்தான் பீலி. லயம் மொத்தத்துக்கும் அது ஒன்றுதான்.

"கொஞ்ச நாளுதான்கா. வீடு முடியட்டும். லய வாசலுக்கே பைப்பு போட்டுத் தர்றேன்."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

வாங்க: பட்டுப் பாவாடை, தாவணி, வளையல் ஒரு பெட்டி, பூ (பண்டாரவளையில் சொல்லி வைக்க).

மார்ச் 8. வியாழன்

நடுவில் கிடந்த பெரிய பாறை பிளந்தது. மூன்று தடவை சுட்டு மசியாதது. இன்று இரண்டாகத் திறந்து உள்ளே மினுமினுவென்று. பாஸ் ஆட்களுக்குப் பிளேன்டீயும் கருப்பட்டியும்.

செல்லத்தை ஜீப் பிடித்துக் கூட்டிப்போனேன். முதல் தடவை பார்க்கிறாள். கயிறு பிடித்து முன்னறை, சமையலறை எல்லாம் காட்டினேன். கல்மேல் உட்கார்ந்து நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பார்த்தாள். பிறகு, "என்னங்க, இங்க மொளகா வாடையே இல்ல." திரும்பும்வரை ஒரு இருமல் இல்லை. சமையலறை ஜன்னல் கிழக்கே வேண்டுமாம். முளை அடித்துக் குறித்தாயிற்று.

நல்ல நாள். யாரோடும் சண்டை இல்லை.

மார்ச் 11. ஞாயிறு

சடங்கு. தட்டு பதினொன்றும் கொண்டுபோனேன். தப்பு அடித்து லய வாசலில் எதிர்கொண்டார்கள். மாலை முதலில் எனக்கு. செல்லம்தான் அத்தை முறைக்கு முதல் சொம்பு ஊற்றினாள். பிள்ளை குளிரில் நடுங்கிச் சிரித்தது.

பெண்கள் குடத்தோடு பீலிப் பக்கமிருந்து வரவில்லை. தேயிலை ஸ்டோருக்குக் கீழிருந்து மேடேறி வந்தார்கள். ஏன் இவ்வளவு தூரம் என்றேன். "அங்கிட்டுக் கூட்டம் கொறவுங்க" என்று ஒருத்தி. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பீலித் தண்ணீர் கலங்கியதால்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

அக்கா தன் கையால் பரிமாறினாள். வடை இரண்டாம் தடவை. "மொதலாளிக்கு எங்க வீட்டு வட எறங்குமோ என்னமோ" என்று கேலி. கிளம்பும்போது என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். விரல் சொடுக்கியது. எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 14. புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

காலை காணிக்கு வன இலாகா ஆள் மூன்று பேர். பெரியவர் ஒருவர் குடையோடு. நேராக ஊற்றுக்கே போனார்கள். வழி தெரிந்து வந்தவர்கள் மாதிரி. சாக்கை இழுத்துப் போட்டதும் கறுப்பாகக் குபுகுபுவென்று இறங்கியது. பாஸ் ஆட்கள் அலவாங்கைப் போட்டுவிட்டு மானாப் புல்லுக்குள் ஓட்டம். பாஸ் மட்டும் நின்றார்.

"யார் சொன்னதுங்க ஐயா?"

பெரியவர் குடையை மடித்தார். "வெள்ளிக்கிழமை வன இலாகாக் கந்தோருக்கு வாங்க."

வேலை நிறுத்தம். உத்தரவு வரும்வரை ஒரு கல் அசையக் கூடாது.

யார்? எதிர்க் கடை ஹமீது நானாவைத் தவிர யாரும் இல்லை. போன வருஷம் அதே காணியை விசாரித்தவர். என் கல்லாவைப் பார்த்தபடியே அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனிதர்.

மார்ச் 15. வியாழன்

செல்லத்துக்கு இரவு முழுக்க இழுப்பு. தலையணை மூன்று அடுக்கி உட்காரவைத்தேன். வேலை நின்றதைச் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

காலை நானா வழக்கம்போல எதிரிலிருந்து கையாட்டினார். திரும்பவில்லை. ரோட்டைக் கடந்து வந்துவிட்டார்.

"என்ன முதலாளி, கடனா குடுக்க இருக்கு? மொகத்தக் காட்டாம இருக்கீங்க."

"காணி ஒங்களுக்கு வேணும்னா நேரா கேட்டிருக்கலாம் நானா. கந்தோர்ல போயி ஓதியிருக்க வேண்டியதில்ல."

"எனக்கா? அந்தக் கல்லுக் காட்ட எடுத்து நான் ஆடு மேய்க்கவா?" சிரித்தார். சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் இரவல் வாங்கிய பெரிய தராசைத் தூக்கி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு பகல் முழுக்க அரிசி மூட்டை நிறுக்க வழியில்லை.

மார்ச் 16. வெள்ளி

கந்தோர். பெரியவர் நல்ல மனிதர்தான். சிங்களவர், தமிழும் பேசுகிறார். நாற்காலி கொடுத்தார். எதிர்க் கடைக்காரர்தானே சொன்னது என்று கேட்டேன். பாவம், மற்ற மனிதன்மேல் பழி போட வேண்டாம் என்றார்.

"ஒரு மனுசி வந்தது. மாரியாயி. லயத்து ஆள். கல் உடைக்கிறது என் தம்பி எண்டும் அவதான் சொன்னது."

எப்போது?

"போன வியாழக்கிழமை."

போன வியாழன். பெரிய பாறை பிளந்த அன்று. செல்லம் கல்மேல் உட்கார்ந்து ஜன்னல் கேட்ட அன்று.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கந்தோருக்கு ஒரே வழி, என் கடை வாசல். கடையோரம் வெற்றிலை விற்கிற ராமையாவைக் கேட்டேன். "வந்தாங்க மொதலாளி. முக்காடு போட்டுக்கிட்டு அந்தாண்ட ஓரமா போனாங்க. கூப்பிட்டேன், திரும்பல. நீங்க அப்ப காணியில."

ஒரு நாள் பேரை, அன்றைய கூலியை விட்டு, பஸ் ஏறி வந்து, என் கடையைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் அதே கையால் எனக்கு வடை. அதே கையால் திருஷ்டி. அந்தக் கன்னத்தை இன்று இரண்டு தடவை கழுவினேன். பைத்தியக்காரத்தனம்.

சாயங்காலம் நானாவிடம் தராசை மறுபடி இரவல் கேட்டேன். கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 18. ஞாயிறு

லயத்துக்குப் போனேன். கந்தோரில் கொடுத்த முறைப்பாட்டை அவளே திரும்ப வாங்கினால் வேறு மாதிரிப் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் போனேன். சண்டைக்கு இல்லை.

அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டும் கோடரி நிற்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். பைப்பு போடுறேன்னு சொன்ன. அதுவரைக்கும் என்னத்தக் குடிக்க? இங்க கைப்புள்ளக்காரி நாலு பேரு இருக்காளுக."

"கட வாசலத் தாண்டித்தானே போயிருக்க?"

"தாண்டித்தான் போனேன். உள்ள வந்தா டீ குடுப்ப. அதக் குடிச்சிட்டு எப்படிப் போயிச் சொல்றது?"

"செல்லத்துக்கு மூச்சு முட்டுறது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் ரெண்டு நாளு யோசிச்சேன்."

இரண்டு நாள் யோசித்தாளாம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "சொல்லிட்டு வந்து எந்த மொகத்த வச்சுக்கிட்டு எங்கிட்டச் சீரு வாங்குன?"

கோடரியைச் சாய்த்து வைத்தாள். உண்மையாகவே புரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "தாய்மாமன் நீதானே. அதுக்கு வேற ஆளயா புடிக்க முடியும்?"

முறைப்பாட்டைத் திரும்ப எடு என்றேன். முடியாது என்றாள். மறுபடி கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். இனி எனக்கு அக்கா இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக் காம்பராக் கதவுகள் எல்லாம் திறந்தன.

"சரி. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

சாப்பிடவில்லை. வெயிலில் நடந்தே வந்தேன். பஸ்ஸைப் பார்த்தும் கை காட்டவில்லை.

செல்லத்திடம் எல்லாம் சொன்னேன். அக்காவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "மதினி அவுக தண்ணிக்குப் போனாக," என்றாள். மூச்சு வாங்கியது. "என் மூச்சுக்கு யாரு போவாக?"

என்னைத்தான் கேட்டாள்.

மார்ச் 21. புதன்

தீர்ப்பு மாதிரி ஒன்று. காணியில் வீடு கிடையாது, எந்தக் காலத்திலும். கோர்ட்டுக்குப் போகாமல் விட ஒரு நிபந்தனை: ஊற்றை என் செலவில் துப்புரவாக்க வேண்டும். உடைத்த கல்லைக் கொண்டே ஊற்றுக்கு அணைச்சுவரும் பீலிக்குத் தொட்டியும் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். கோர்ட்டு என்றால் கடை லைசென்ஸில் கை வைப்பான். வியாபாரிக்கு ரோஷம் அளவோடுதான்.

ஹமீது நானாவின் மச்சான் வீட்டில் மேலறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். செல்லத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். ஜன்னல் மேற்கே. மேலறைப் படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறாள். இருந்தாலும் மிளகாய் இல்லை.

சொந்த வீடு என்ற பேச்சை இனி அவளிடம் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 1. ஞாயிறு

வெயில். சிமெந்து இரண்டு மூட்டை கட்டிதட்டிப் போனது, விற்றவனிடம் மாற்ற.

தொட்டி முடிந்தது. என் முன்னறைக்கு என்று பார்த்துப் பார்த்துப் பெயர்த்த கல் எல்லாம் அங்கே. பாஸ் சுவரின் கடைசி வரிசையை வைத்துவிட்டுச் சோற்றுக்குப் போனார். கல்லிடுக்குப் பூச்சு பாக்கி. கூலியாளை நம்பினால் சாந்தை அப்பிவிட்டுப் போவான். நானே சுவருக்குப் பின்னால் குந்திப் பூசிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் குடத்தோடு வந்தார்கள். தண்ணீர் தெளிவாக, கனமாக விழுகிறது. அக்கா குரல் கேட்டது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பேச்சில்லை. அசையாமல் இருந்தேன்.

புதிதாக வந்த கங்காணி பெண்சாதி கேட்டாள், "இது தோட்டத்துல கட்டுனதா?"

"தோட்டமா? தோட்டம் கட்டிக் கிழிச்சுச்சு. எங்க தம்பி கட்டுனது. டவுன்ல பெரிய கட வச்சிருக்கான்ல, அவன். கல்லப் பாரு, ஒவ்வொண்ணும் பலக மாதிரி. காசப் பாக்காம செஞ்சிருக்கான்."

என் வீட்டைப் பிடுங்கியவள் என் பெயரைச் சொல்லிப் பெருமை அடிக்கிறாள். இல்லை, கட்டவைத்தார்கள், அதற்குக் காரணம் இவள்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்ல எழுந்தேன். சாந்துக் கரண்டி கையில். என்னைக் கண்டாள். முகம் மாறவில்லை. குரலும் இறங்கவில்லை.

"இந்தா நிக்கிறான் பாரு" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

கங்காணி பெண்சாதி முந்தானையை இழுத்துவிட்டுக் கும்பிட்டாள். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். இடுப்புக் குழந்தைகள் உட்பட.

குனிந்து மிச்ச இடுக்கையும் பூசினேன்.